‘ஸ்விட்ச் போர்டு ஏன் இவ்ளோ உயரத்துல இருக்கு?’ - விற்பனைக்குத் தயாரான ஒரு முடிச்சூர் வீடு

வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று புரோக்கர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நான்கு நிமிடம் ஓடியது. அதில் முதலில் சொன்னதே, ஹாலில் மாட்டியிருக்கும் மாலை போட்ட படத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான்.

கோவையிலிருந்து வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது. அப்பா இறந்து மூன்று வருடம்தான் ஆகிறது. 1996-ல் பி.எஃப். பணத்தைப் போட்டு, அரை கிரவுண்டில் அவர் கட்டிய வீடு அது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்க, அம்மாவோ கேட்ட மாத்திரத்தில் “ஸ்டூலைப் போட்டு எடும்மா” என்றார். “அவருக்கு உயிரோட இருக்கும்போதே போட்டோவுக்கு நிக்கப் பிடிக்காது. பீரோவுக்குள்ள நிம்மதியா இருக்கட்டும்.”

இவ்வளவு சுலபமாக அம்மா ஒப்புக்கொண்டதைப் பார்த்து, மீதி வேலைகளும் இப்படியே முடிந்துவிடும் என்று பிள்ளைகள் இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மகனுக்கு ஹைதராபாத்தில் வேலை. பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தான். பரணைக் காலி செய்யவே இரண்டு நாள் ஆனது. கொலுப்படிகள், இரண்டு எவர்சில்வர் அண்டா, மூடி இல்லாத குக்கர், ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள், எந்த மிக்ஸிக்கு என்றே தெரியாத ஐந்து ஜார்கள். பழைய பேப்பர்காரர் மூன்று நடை நடந்தார். பரண் காலியானதும் அறையே கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல் தெரிந்தது. வீடு விற்பவர்கள் ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான். வருகிறவர் பார்ப்பது சுவரையும் தரையையும். நம் அண்டாவை அல்ல.

செலவு செய்ய வேண்டியதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மகன் மாடுலர் கிச்சனுக்கு விலை விசாரித்து வைத்திருந்தான். ஒன்றரை லட்சம். “வேணாம் சார். வாங்குறவங்க அவங்க டேஸ்ட்டுக்கு அதை உடைச்சுட்டு வேற போடுவாங்க. அந்தக் காசுல மொட்டை மாடி கசிவை நிறுத்துங்க” என்றார் புரோக்கர். நியாயமான பேச்சு. மாடியில் விரிசல்களை அடைத்து வாட்டர் ப்ரூஃபிங் செய்தார்கள். பாத்ரூம் டைல்ஸில் ஏறியிருந்த உப்புக்கறையைத் தேய்த்து எடுத்தார்கள். ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினார்கள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய், எல்லா அறைக்கும் புது பல்பு, ஓவர்ஹெட் டேங்க் கழுவல். இந்தக் கடைசி வேலையை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால், நம் ஊரில் வீடு பார்க்க வரும் பெரியவர்கள் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து, வாயில் வைத்துப் பார்க்காமல் போவதில்லை.

பேப்பர் வேலை தனியாக ஓடியது. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பிளான் அப்ரூவல், வீட்டு வரி ரசீது எல்லாம் அப்பாவின் ஒரே ஃபைலில் தேதிவாரியாக இருந்தன. வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுத்தாயிற்று. பட்டாவும் ஈ.பி. இணைப்பும் இன்னும் அப்பா பெயரில் இருந்ததால், வாரிசுச் சான்றிதழை வைத்து மாற்ற வேண்டியிருந்தது. வாரிசுகள் மூவர். கிரயத்துக்கு மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயின்ட் மேஸ்திரி வந்த அன்றுதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஹாலில், கிச்சனுக்குத் திரும்பும் மூலையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் மார்க்கர் பேனாவால் போட்ட ஒரு கோடு இருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் ‘2.12.2015’. அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. இவர்கள் எதிர்வீட்டு மாடியில் மூன்று நாள் இருந்தார்கள். வடிந்த பிறகு சேற்றை வாரிவிட்டு அப்பா செய்த முதல் காரியம், தண்ணீர் நின்ற அளவுக்குக் கோடு போட்டது. இரண்டாவது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லா ஸ்விட்ச் போர்டுகளையும் பிளக் பாயின்ட்டுகளையும் அந்தக் கோட்டுக்கு மேலே, ஐந்தடிக்கு ஏற்றியது. மீட்டர் பெட்டியும் மேலே போனது. வாஷிங் மெஷின் மாடிப்படி உச்சிக்கு ஏறியது. அதற்குப் பிறகு ஒருமுறை வீட்டுக்கு வெள்ளை அடித்தபோதும், அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிக்கச் சொன்னார்.

ஐந்தடி உயரத்திலிருந்து ஃபிரிட்ஜ் வயர் தொங்குவது பார்க்க அழகாக இருக்காது. முதலில் வந்து பார்த்த ஒருவர், “ஸ்விட்ச் போர்டு ஏன் இவ்ளோ உயரத்துல இருக்கு?” என்று கேட்டார். அந்தப் பதிலோடு அவர் போனவர்தான்.

“பட்டி பார்த்து ரெண்டு கோட்டு அடிச்சா கோடு இருந்த இடமே தெரியாது. போர்டை இறக்க ரெண்டு நாள் போதும்” என்றார் மேஸ்திரி. மகனும் அதைத்தான் விரும்பினான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்ய வேண்டும். தனியாக இங்கே விட முடியாது. மழைக்காலத்துக்குள் விற்றாக வேண்டும். “அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள ஒரு தடவைகூட தண்ணி வரலையேம்மா” என்றான்.

அதுவும் உண்மைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குக்கூடத் தெருவில் முழங்காலளவு நின்றது, வாசற்படி ஏறவில்லை.

“வரலை. வரவே வராதுன்னு எழுதிக்கொடுப்பியா?” என்று கேட்டார் அம்மா. மகன் பேசவில்லை. “வாங்குறவங்க முப்பது வருஷ லோன்ல வருவாங்கப்பா. நம்மள மாதிரிதான். ஃபிரிட்ஜ் மிதந்தா அவங்களுக்கும் வலிக்கும். சுவத்தை எப்படி வேணா அடிச்சுக்கோ. போர்டை இறக்காதே. அந்தக் கோட்டை மறைச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பத்திரம் எழுதும் வக்கீலிடம் மகள் போனில் கேட்டாள். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவை அவர் விளக்கினார். வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். சொத்து பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதிலும் சொல்ல வேண்டும். “வெள்ளம் வந்த ஏரியான்னு ஊருக்கே தெரியும், விசாரிக்காதது அவர் தப்புன்னு வாதாடலாம். ஆனா, அவர் கேட்டு நீங்க இல்லைன்னு சொல்லிட்டா, அது வேற கதை” என்றார். முடிச்சூரில் வீடு பார்க்க வருபவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பாரா என்ன?

கோடு இருந்தது. சுற்றிலும் வெளிர் சந்தன நிறம் அடித்ததில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது என்பது மகனின் புலம்பல். தொங்கிய வயர்களைச் சுவரோடு ஒட்டி, வெள்ளை பி.வி.சி. பட்டைக்குள் செருகிக் கொடுத்தார் எலெக்ட்ரீஷியன். சில நூறு ரூபாய் வேலை. பாதி அசிங்கம் போய்விட்டது.

அதன்பிறகு ஆறு குடும்பங்கள் வந்தன. இரண்டு பேர் கோட்டைப் பார்த்ததும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒருவர் வாஸ்து சரியில்லை என்றார். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். புரோக்கர் போன் செய்வதைக் குறைத்தார். அந்த மூன்று வாரம் மகனும் அம்மாவும் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஏழாவதாக வந்தது குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதி. கூடவே கணவரின் அம்மா. இளையவர்கள் மாடிக்குப் போய்விட, அந்த அம்மா மட்டும் மூலையில் நின்று, கோட்டின் உயரத்தைத் தன் மார்போடு வைத்துப் பார்த்தார். “எத்தனை நாள் நின்னுச்சு?”

“மூணு நாள். அன்னிக்கு ஒரு தடவைதான். இவர்தான் கோடு போட்டு வெச்சார். போர்டை எல்லாம் மேல ஏத்தினதும் அவர்தான்.”

பேரம் நடந்தது. முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்று வாங்குபவர் தலையில் விழுவதே ஏராளம். எழுபது லட்சத்துக்குப் பதிந்தால் இவை மட்டும் 6,30,000 ரூபாய். கேட்ட விலையிலிருந்து நான்கு லட்சம் குறைத்து முடிந்தது. நான்கு லட்சத்தையும் மகன் அந்தக் கோட்டின் கணக்கில்தான் எழுதினான். மகள், மாடுலர் கிச்சன் போடாததில் மிஞ்சிய ஒன்றரை லட்சத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னாள்.

அட்வான்ஸ் கை மாறிய அன்று, வாங்கியவர்கள் கேட்டது ஒன்றுதான். போர்டுகளை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆண்கள் ஹாலில் ஒப்பந்தப் பேப்பரைப் படித்துக்கொண்டிருக்க, அம்மா அந்தப் பெரியம்மாவை வாசலுக்கு அழைத்துப்போனார். “தண்ணி இந்தப் பக்கம் கேட் வழியா வராது. பின்னாடி காலி மனை வழியாத்தான் வரும். அங்க சத்தம் கேட்டதும் முதல்ல மெயினை ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் சம்ப் மூடி மேல தார்ப்பாய் போட்டு, நாலு செங்கல் வெச்சிடுங்க. சாக்கடை உள்ளே இறங்கிட்டா ஒரு மாசத்துக்குக் குடிக்க முடியாது. செங்கல் மாடிப்படிக்குக் கீழ இருக்கு. எடுத்துட்டுப் போகலை, விட்டுட்டுத்தான் போறேன்.”