உயரம் குடிக்கும் டீசல்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

அக்கா மகன் காலையிலேயே பிக்கப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். தவணை பாதிக்கு மேல் பாக்கி இருக்கும் வண்டி. பொங்கலுக்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் 31 அங்குலப் பட்டன் டயர் மாட்டியிருக்கிறான். டயர் மேலே உரசாமல் இருக்கப் பின்னால் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, முன்னால் கூடுதலாகப் பட்டை சேர்த்திருக்கிறான்.

"மாமா, லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர் குடுத்த வண்டி இப்ப பத்தைத் தாண்ட மாட்டேங்குது. இன்ஜெக்டர் போயிடுச்சா பாருங்க."

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், புகை எல்லாம் பார்த்தேன். இன்ஜின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போது மரவள்ளி சீசன். கல்வராயன் மலையில் கிழங்கு ஏற்றிச் சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளில் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற டீசலில் இந்த இழப்பை அவன் குடும்பம் தாங்காது. நைனார்பாளையத்தைச் சுற்றி இப்படி வண்டியைத் தூக்கிக் கட்டும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவைக்கப் போகிறேன். நாளைக்கு யார் கேட்டாலும் கணக்கோடு சொல்லலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

டயரின் ஓரத்திலும் நேர் கீழே தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும்வரை வண்டியைத் தள்ளி, இடைவெளியை டேப்பால் அளந்தோம்: 2 மீட்டர் 39 சென்டிமீட்டர். பழைய டயர் ஒன்றை மாட்டி அதே மாதிரி அளந்தால் 2 மீட்டர் 14.

பழைய டயரின் அளவு 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். ரிம் 15 அங்குலம். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மோடு கூட்டினால் விட்டம் 703 மில்லிமீட்டர் வருகிறது. 31 அங்குலம் என்றால் 787. கிட்டத்தட்ட 12 சதவீதம் பெரிது. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை மட்டும்தான். அது 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 112 ஓடியிருக்கும்.

ஆகவே அவன் சொன்ன பத்து, உண்மையில் 11.2. மீட்டரை நம்பினால் மைலேஜ் 23 சதவீதம் விழுந்ததாகத் தெரியும். சரியான கணக்கில் 14 சதவீதம். மீட்டரின் பிழை வேறு, டீசல் இழப்பு வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் 14 சதவீதம் சின்ன இழப்பு இல்லை. அது எங்கே போகிறது என்பதுதான் இனித் தேட வேண்டியது.

பிப்ரவரி 5, புதன்

பருத்தி நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கி வந்து சக்கரங்களை நிறுத்தேன். பட்டன் டயர் போட்ட சக்கரம் ஒவ்வொன்றும் பத்துக் கிலோவை ஒட்டிக் கூடுதல். இந்த எடை லோடு எடையைப் போல உட்கார்ந்தே வருவதில்லை. வண்டி வேகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் சுழற்றியும் விட வேண்டும். டயரின் வெளி வட்டத்தில் இருக்கும் ஒரு கிலோவை வேகப்படுத்த, கூண்டில் இருக்கும் ஒரு கிலோவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு சக்தி வேண்டும். ஊருக்குள் பிரேக் பிடித்துப் பிடித்துப் போகும்போது இந்தச் செலவு கூடும்.

ஆனால் பெரிய செலவு ரப்பரில் இருக்கிறது. சக்கரம் உருள உருள, தரையில் படும் இடம் நசுங்கி மறுபடி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் டீசலின் சக்தி சூடாகிப் போகிறது. தடித்த பட்டன்கள் வளைந்து நெளிய நெளியச் சூடு கூடும். மாட்டுவண்டிச் சக்கரமும் உயரம்தான். குழியில் இறங்காமல் உருள அந்த உயரம் உதவியது, இரும்புப் பட்டா நசுங்காததால் மாடு தப்பித்தது. இங்கே உயரத்தோடு அகலமும் நெளிகிற ரப்பரும் சேர்ந்து வந்துவிட்டதால் அந்த லாபம் கரைந்துபோகிறது.

காற்றையும் பார்த்தேன். குலுக்கல் குறையட்டும் என்று பவுண்டு குறைத்தே வைத்திருக்கிறான். காற்று குறைந்தால் நசுங்கல் இன்னும் கூடும். இந்த உருளும் எதிர்ப்புக்கு வரம்பு வைத்துத்தான் 2022இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டயர்களுக்கு விதி கொண்டுவந்தது. ஈரச் சாலையில் பிடிப்பு, சத்தம் இரண்டுக்கும் அதில் அளவு உண்டு. டயர் வாங்கும்போது டிசைனைப் பார்க்கிற நம் ஆட்கள் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

சின்னசேலம், கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினோம். சக்கரத்தின் ஆரம் கூடினால் அதே கியரில் தரையைத் தள்ளும் விசை குறையும்; இந்த டயருக்குக் கணக்குப்படி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது முதல் கியருக்கு இறங்குகிறான். கியரைக் குறைக்க மனமில்லாத இடங்களில் அரை கிளட்ச். மேலே போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் தட்டு தீய்ந்த வாடை.

மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று ஒரு பொருட்டில்லை. எடையை மேலே தூக்குவதுதான் செலவு. அது எந்த டயர் போட்டாலும் ஆகிற செலவு. பெரிய டயரால் வருகிற கூடுதல், இன்ஜின் முக்குவதிலும் கிளட்ச் வழுக்குவதிலும் போகிறது.

கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது எனக்கு மனசே சரியில்லை. டயர் பெரிதானதால் பிரேக்கின் பிடியும் அதே பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதைவிட மோசம் ஒன்று கண்ணில் பட்டது. பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை லோடு பார்த்து முடிவு செய்யும் வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கிறது. அதன் கம்பி ஆக்ஸிலோடு கோத்திருக்கும். லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் அழுத்தத்தைக் கூட்டும். நடுவில் கட்டை வைத்துத் தூக்கியதால், லோடு ஏறியும் வண்டி காலியாக இருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. பின் சக்கரம் பிடிக்க வேண்டிய பிரேக்கைப் பிடிக்கவில்லை. கீழே வரும்வரை முதல் கியரிலேயே வரச் சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆத்தூரில் கிழங்கு இறக்கிவிட்டு சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் காலி வண்டியாகத் திரும்பினோம். இங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வண்டியைத் தூக்கினால் முகப்பின் பரப்பு கூடுவதோடு, அடியில் ஆக்ஸில், சைலன்சர், டேங்க் எல்லாம் காற்றின் வழியில் வந்து நிற்கின்றன. அகலமான டயர் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதும் சேர்ந்துகொள்கிறது.

மீட்டரின் பொய் இங்கேதான் அதிகம் கடிக்கிறது. சரக்கு வண்டிகளுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் உச்சம் 80 கிலோமீட்டர். சக்கரச் சுற்றைக் கொண்டு கணக்கிடும் கருவி 80 என்று நினைக்கும்போது வண்டி உண்மையில் 89க்கு மேல் போகும். அந்த வித்தியாசத்துக்கே காற்றின் எதிர்ப்பு கால் பங்கு கூடிவிடுகிறது. டீசல் மிச்சம் பிடிக்க 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. 55இல் போகிறோம் என்று நினைப்பவன் 61இல் போய்க்கொண்டிருந்தால் அந்த அறிவுரைக்கே பலன் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சட்டத்தை எடுத்துப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குப் போகும் நாளில் மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். விபத்து எஃப்.சி. நாள் பார்த்து வருவதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பட்டறைக்கு விடுமுறை. காவடியோடு போகிற வண்டிகளில் பிக்கப்கள் எத்தனை! பின்னால் பெண்களும் பிள்ளைகளும் நின்றுகொண்டே போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மலைக் கிராமத்தில் பஸ் இல்லாத நேரத்தில் வேறு வழி இல்லை என்பதும் தெரியும். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து மலைக்கோயிலுக்குப் போன பிக்கப் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து பெண்களும் சிறுமிகளும் இறந்தார்கள். அந்த வண்டி தூக்கிக் கட்டியது என்று நான் சொல்லவில்லை. கம்பெனி உயரத்தில் இருக்கும் வண்டியே நின்றுகொண்டு வரும் ஆட்களின் எடையால் வளைவில் தடுமாறும். அதை இன்னும் உயர்த்தினால் கவிழும் எல்லை இன்னும் கிட்டே வரும். கையில் ஸ்பேனர் பிடிக்கிற எவனும் இதை நினைக்காமல் கட்டை வைக்கக்கூடாது.

பிப்ரவரி 12, புதன்

அவன் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. "மழைக்காலத்துல மேல வந்து பாருங்க மாமா. செம்மண் சேத்துல டிஃபரன்ஷியல் போய் உக்காந்துக்கும். அப்ப என்ன பண்றது?"

உண்மைதான். மலையில் தார் போகாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கணக்கு போட்டுக் காட்டினேன். கட்டை வைத்தால் கூண்டும் சேஸிஸும்தான் உயரும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும். அதுவும் விட்ட வித்தியாசத்தில் பாதி, 42 மில்லிமீட்டர். இந்த 42 மில்லிமீட்டருக்காகத்தான் இவ்வளவும்.

பெரிய டயருக்கும் உரிய இடம் உண்டு. ஐஸ்லாந்துக்காரர்கள் பனிமலை மேல் போக 38 அங்குல டயர் போட்டு, காற்றை மிகவும் குறைத்து, பனியில் புதையாமல் மிதக்க விடுகிறார்கள். அப்படித் தயாரித்த பிக்கப் 2007இல் காந்த வடதுருவப் பகுதிவரை போனது. அந்த வண்டிக்குக் கியர் விகிதம், மீட்டர் போன்றவற்றையும் டயருக்குப் பொருந்த மாற்றுவார்கள். நாம் டயரை மட்டும் மாற்றிவிட்டுத் தார்ச்சாலையில் கிழங்கு ஏற்றுகிறோம்.

முடிவு செய்தோம். நாலுக்கும் கம்பெனி அளவு. பின்சக்கரம் இரண்டுக்கும் மட்டும் சேற்றில் பிடிக்கிற பட்டன் டிசைன், அதே 215/75 ஆர் 15இல். கட்டையையும் கூடுதல் பட்டையையும் எடுத்துவிட்டு, அந்த வால்வுக் கம்பியைப் பழைய அளவுக்கு வைத்து, ஹெட்லைட்டையும் இறக்கிவிட வேண்டும். தூக்கிய வண்டியின் வெளிச்சம் எதிரே டூவீலரில் வருகிறவர் கண்ணில் அடிக்கிறது.

பிப்ரவரி 22, சனி

பத்து நாள் லோடு ஓட்டிவிட்டு வந்தான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று, டேங்க் நிறைத்து மறுபடி நிறைக்கும் கணக்கு. பன்னிரண்டரை கொடுக்கிறது. பின்னால் பட்டன் டிசைன் இருப்பதால் பழைய பதிமூன்று வராது. சேற்றுப் பாதைக்காக அந்த அரையைக் கொடுப்பதில் தப்பில்லை.

மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்று வைத்துக்கொண்டால் 11.2க்கு 223 லிட்டர், 12.5க்கு 200 லிட்டர். மிச்சம் 23 லிட்டர், ரூபாயில் 2,000க்கு மேல். வருடத்துக்கு 24,000க்கு மேல். பெரிய டயர்களை விற்றதில் வந்த நஷ்டம் அதற்குள் அடங்கிவிடும். கிளட்ச் தட்டும் டயரும் கூடுதலாக உழைப்பது தனி லாபம்.

இன்று முதல் இந்தப் பட்டறையில் தூக்கிக் கட்டும் வேலை எடுப்பதில்லை. கேட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். முதலில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்து, அவனே மைலேஜ் கணக்கைப் போடட்டும். பிறகு அந்த வால்வுக் கம்பியைக் காட்டி, வெள்ளிமலையிலிருந்து லோடோடு இறங்கும்போது அது என்ன செய்யும் என்று விளக்குவேன். அதற்கு மேலும் கேட்டால், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டு, இந்த 2,000 ரூபாயை அதன் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுப்பேன்.