கையில் ஒரு கண், டிவி மேல் ஒரு கண்

உயெனோ ஸ்டேஷனிலிருந்து சூவோ சாலையைப் பிடித்துத் தெற்கே நடந்தால், ஒன்றரை கிலோமீட்டர் சொச்சத்தில் அகிஹபாரா வந்துவிடும். ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்தான். இருந்தாலும் நடந்தே போனேன். டோக்கியோவின் எலெக்ட்ரானிக்ஸ் பேட்டை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்க்க ஆசை. சுயெஹிரோச்சோ சுரங்க ரயில் நிலையத்தைத் தாண்டியதும் சாப்பாட்டுக் கடைகள் குறைந்து, ஒயர்க் கடைகளும் பொம்மைக் கடைகளும் வீடியோ கேம் கடைகளும் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டன.

நான் தேடி வந்தது மூன்று பழைய சாமான்களை. கையை வீசினால் திரையில் மட்டை வீசும் என்கிற வித்தை, 2006க்கும் 2010க்கும் நடுவில் மூன்று கம்பெனிகளிடமிருந்து மூன்று விதமாக வந்தது. நின்டெண்டோவின் வீ ரிமோட், சோனியின் பிளேஸ்டேஷன் மூவ், மைக்ரோசாஃப்டின் கினெக்ட். எது உசத்தி என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை விளையாட்டுக்காரர்களிடம் இன்னும் ஓயவில்லை. மூன்றையும் ஒரே அறையில், ஒரே டிவியில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

மெயின் ரோட்டுக் கடைகளில் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தொட முடியாது. ஒரு சந்து உள்ளே போனால் நிலைமை வேறு. கடை வாசலில் பிளாஸ்டிக் கூடைகள், ஒவ்வொன்றிலும் ‘ஜங்க்’ என்று அட்டை. ஓடுமா ஓடாதா என்று கடைக்காரர் பார்க்கவில்லை, ஓடாவிட்டால் திருப்பி வாங்கமாட்டார் என்று அர்த்தம். ஒரு கூடை நிறைய வெள்ளை வீ ரிமோட்கள், ஒன்று 330 யென். பக்கத்துக் கூடையில் கறுப்பு கினெக்ட்கள் ஒயர் சுற்றிக் கிடந்தன, 550 யென். மூவ் மட்டும் கூடையில் இல்லை. உள்ளே அலமாரியில் 1,980 யென் போட்டு நின்றது. யென்னை ஏறக்குறையப் பாதியாக்கினால் நம் ரூபாய்.

வீ ரிமோட் கூடையைக் கிளறினேன். சிலவற்றின் மணிக்கட்டுக் கயிறு நூல் மாதிரி மெலிசு, சிலவற்றில் தடிமன். காரணம் உண்டு. 2006 கடைசியில் வீ வந்த சில வாரங்களிலேயே, வேகமாக வீசியதில் கயிறு அறுந்து ரிமோட் கையிலிருந்து பறப்பதாகப் புகார்கள் வந்தன. 0.6 மில்லிமீட்டர் கயிற்றை 1 மில்லிமீட்டராக்கி, 32 லட்சம் கயிறுகளை இலவசமாக மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. மாற்றிக்கொள்ளாத சிலருடையவைதான் இந்தக் கூடைக்கு வந்திருக்கின்றன.

அதே சந்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பழைய கேம் சாமான்களைப் பழுதுபார்த்து விற்கும் சின்னக் கடை. ஐம்பது வயது தாண்டிய கடைக்காரர், இடுப்பில் ஏப்ரன். என் அரைகுறை ஜப்பானிய மொழிக்கு போனில் இருந்த மொழிபெயர்ப்பு செயலி துணை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “ஒரு மணி நேரத்துக்கு 1,500 யென் கொடுங்க, மூணையும் மாட்டித் தரேன். ஆனா பதிலை இப்பவே சொல்லிடறேன். மூவ்தான் கெட்டிக்காரன். கினெக்ட் ஜப்பான் வீட்டுக்கு ஆகாது.”

சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டேப்பை எடுத்தேன். பின்னறை ஆறு பாய் அளவு. இங்கே அறையை தத்தாமிப் பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஆறு பாய் என்றால் ஏறக்குறைய 2.7க்கு 3.6 மீட்டர். டிவி நீளச் சுவரை ஒட்டி இருந்தது. டிவி மேஜை அரை மீட்டரைத் தின்றுவிட, ஆடுகிறவன் நிற்க மிச்சம் இருந்தது 2.2 மீட்டர். அறையில் சூடான சாலிடரிங் வாசனை.

முதலில் வீ. டிவிக்கு அடியில் ஒரு சாணுக்குச் சற்று நீளமான கறுப்புப் பட்டை, ‘சென்சார் பார்’. கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு, நைட்ஷாட் வசதியுள்ள பழைய சோனி ஹேண்டிகேமை என் கையில் கொடுத்தார். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த பட்டையின் இரு முனைகளும் அதில் பளீரென்று எரிந்தன. உள்ளே இருப்பது முனைக்கு ஐந்தாக அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் மட்டுமே. பெயரில் சென்சார் இருக்கிறதே தவிர, பட்டைக்குள் சென்சார் ஏதும் இல்லை. ஒயர்கூட மின்சாரத்துக்குத்தான்.

நான் நம்பாமல் பார்த்ததைக் கவனித்தவர், பட்டையின் ஒயரைப் பிடுங்கினார். திரையில் இருந்த கை அடையாளம் மறைந்தது. ஒரு தட்டில் சின்ன மெழுகுவர்த்திகள் இரண்டை இடைவெளி விட்டு ஏற்றி டிவி முன்னால் வைத்தார். கை அடையாளம் திரும்பி வந்தது! சுடர் ஆட அதுவும் ஆடியது. அப்படியானால் பார்க்கும் கண் எங்கே? ரிமோட்டின் மூக்கில். கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு, தான் எங்கே நீட்டப்படுகிறோம் என்று ரிமோட் கணக்குப் போடுகிறது.

அடுத்து அந்த மூக்கைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸ் ஆடினேன். கண்ணை மறைத்தும் மட்டை வீசியது. நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் சொடுக்கினேன். அதற்கும் பந்து எதிர்ப்பக்கம் பறந்தது. டென்னிஸுக்குக் கேமரா தேவையில்லை. உள்ளே இருக்கும் அனலாக் டிவைசஸ் கம்பெனியின் முடுக்கமானி சில்லு, ‘இப்போது ஒரு உதறல்’ என்று சொன்னால் போதும். தோளைச் சுழற்றி அடித்தாலும் விரலால் தட்டினாலும் அதற்கு உதறல் உதறல்தான். புவியீர்ப்பை வைத்துச் சாய்வையும் அது அறியும். ஆனால் ரிமோட்டைத் தரைக்குக் கிடையாகப் பிடித்து மெதுவாக இடவலமாகத் திருப்பினால் அதற்கு ஒன்றும் தெரியாது. புவியீர்ப்பு மாறவே இல்லையே.

இந்தக் குறையை அடைக்க 2009 ஜூனில் வந்ததுதான் மோஷன் பிளஸ், ரிமோட்டின் வாலில் மாட்டும் சின்னக் கட்டி. உள்ளே திரும்பலை அளக்கும் கைரோ சில்லுகள். அதை மாட்டி வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டில் வாள் சண்டைக்குப் போனேன். முதல் வேலையாக, ரிமோட்டைக் குப்புற மேஜைமேல் அசையாமல் வை என்றது. கைரோ தன் பூஜ்யத்தை அப்படித்தான் பிடிக்கிறது. பிறகு வாள் என் கையோடு வந்தது. கோணம் பார்த்து வெட்டியது. நேரம் போகப் போக, நான் நேராகப் பிடித்தாலும் திரையில் வாள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. கைரோவில் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இரண்டாவது மூவ். கைப்பிடி, அதன் தலையில் பிங்பாங் பந்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்குகிறது. டிவிமேல் பிளேஸ்டேஷன் ஐ கேமரா. இங்கே ஏற்பாடு தலைகீழ். வெளிச்சம் கையில், கண் டிவிமேல். இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர்களில் சோனியின் ரிச்சர்ட் மார்க்ஸ் முக்கியமானவர். கையில் ஒன்றும் இல்லாமல் கேமரா முன் ஆடும் ஐடாய் விளையாட்டை 2003லேயே கொண்டுவந்தவர் அவர். அந்த அனுபவத்துக்குப் பிறகும் கையில் ஒரு விளக்கைக் கொடுத்திருக்கிறார் என்றால், வெறும் கை போதவில்லை என்று பொருள்.

ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸ் டேபிள் டென்னிஸ் போட்டேன். ஆரம்பத்தில் தோளருகே, தொடையருகே, இடுப்பருகே என்று பிடிக்கச் சொல்லி அளவெடுத்துக்கொண்டது. அறையில் இருக்கும் நிறங்களோடு குழம்பாத ஒரு நிறத்தில் உருண்டை எரிகிறது. ஓரடி முன்னால் வைத்தேன். திரையில் மட்டையும் முன்னால் போனது. உருண்டையின் நிஜ அளவு கேமராவுக்குத் தெரியும். படத்தில் பெரிதாகத் தெரிந்தால் பக்கத்தில் வந்துவிட்டது என்று தூரத்தைக் கணக்கிடுகிறது. வீ ரிமோட் டென்னிஸில் எட்டு வைத்தபோது இதெல்லாம் நடக்கவில்லை.

உருண்டையைத் துண்டால் மூடிப் பார்த்தேன். மட்டையின் இடம் தடுமாறியது, ஆனால் கோணம் பிசகவில்லை. கோணத்தைச் சொல்வது உள்ளே இருக்கும் கைரோவும் முடுக்கமானியும். கைரோ வழி தவறாமல் இருக்கத் திசைகாட்டிச் சில்லு ஒன்று பூமியின் காந்தப் புலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாள் நகர்ந்த கதை இங்கே நடக்கவில்லை. கெட்டிக்காரன் என்று கடைக்காரர் சொன்னது சரி.

மூன்றாவது கினெக்ட். 2010 நவம்பரில் இங்கே 14,800 யென்னுக்கு வந்த பொருள். அதை மாட்டியிருந்த எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியைப் போட்டதும் கினெக்டின் தலை மெல்ல மேலும் கீழும் ஆடியது, உள்ளே மோட்டார். கையில் எதுவும் வேண்டாம். விளக்கை அணைத்து ஹேண்டிகேமின் நைட்ஷாட் வழியே பார்த்தேன். சுவர், அலமாரி, கடைக்காரரின் ஏப்ரன், என் சட்டை எல்லாவற்றின் மீதும் ஆயிரக்கணக்கான புள்ளிகள், யாரோ அறை முழுக்கக் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போனதுபோல. அகச்சிவப்பு லேசர் வீசும் புள்ளிகள் அவை. பொருள் அருகில் இருக்கிறதா தூரத்திலா என்பதைப் பொறுத்துப் புள்ளிகள் இடம் மாறி விழும். பக்கத்தில் இருக்கும் கேமரா அந்த நகர்வை வைத்து ஆழத்தை அளக்கிறது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் கம்பெனி கொடுத்த தொழில்நுட்பம் இது. இங்கே விளக்கும் டிவி பக்கம், கண்ணும் டிவி பக்கம். அளந்த ஆழத்தில் தலை எது, முழங்கை எது என்று பிரிப்பது மென்பொருளின் வேலை. மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் அதற்கு எக்கச்சக்கமான உடல் தோற்றங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியது.

கினெக்ட் அட்வென்ச்சர்ஸில் படகு ஓட்டினேன். குதித்தால் படகு குதிக்கிறது, சாய்ந்தால் சாய்கிறது. அசந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முதுகு சுவரில் ஒட்டும்வரை பின்னால் போனால்தான் கால் வரைக்கும் முழுசாகத் தெரிந்தது. ஒருவர் ஆட 1.8 மீட்டர், இருவர் ஆட 2.4 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். நமக்கு இருந்தது 2.2. கடைக்காரரும் வந்து பக்கத்தில் நின்றார். என் தோள் அலமாரியில் இடித்தது, அவர் கால் படத்திலிருந்து காணாமல் போனது. கினெக்ட் ஜப்பான் வீட்டுக்கு ஆகாது என்றவர் பாதிதான் சரி. ஒருவருக்கு ஆகும், இருவருக்கு ஆகாது.

கடைசியாக ஒரு சோதனை. கையைச் சட்டென்று தூக்கி, கையும் திரையும் சேர்ந்து தெரியுமாறு போனில் ஸ்லோமோஷனில் எடுத்தோம். டிவி ஒன்றே என்பதால் அதன் தாமதம் மூன்றுக்கும் பொது. வீயிலும் மூவிலும் இடைவெளி கண்ணுக்கு உறுத்தவில்லை. கினெக்டில் என் கை உச்சிக்குப் போய் நின்ற பிறகுதான் திரையில் கை கிளம்பியது. நொடிக்கு 30 படம் எடுத்து, உடலைப் பிரித்து, எலும்புக்கூடு வரைந்து முடிக்க அதற்கு நேரம் பிடிக்கிறது. படகுக்கு அது பரவாயில்லை. டேபிள் டென்னிஸுக்குப் பந்து போய்விடும்.

பணம் கொடுக்கும்போது, கீழே மூவ் மட்டும் ஏன் கூடையில் இல்லை என்று கேட்டேன். அலமாரியில் இருந்த பிளேஸ்டேஷன் விஆர் பெட்டியைக் காட்டினார். 2016இல் வந்த அந்தத் தலைக்கவசத்துக்கும் இதே மூவ்தான் கைப்பிடி. அதனால் விலை விழவில்லை. “கினெக்டை யார் வாங்கறாங்க?” “காலேஜ் பசங்க. விளையாட இல்ல, ரோபோவுக்கு.” அதற்கும் வரலாறு இருக்கிறது. கினெக்ட் அமெரிக்காவில் கடைக்கு வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே, அதைச் சாதாரணக் கணினியில் ஓட்டும் திறந்த மென்பொருளை எழுதிவிட்டார்கள். பிரைம்சென்ஸை 2013இல் ஆப்பிள் வாங்கியது. ஐபோன் முகத்தை அடையாளம் காண அதே மாதிரிப் புள்ளிகளைத்தான் வீசுகிறது. விளையாட்டுக்கென்று செய்த கினெக்டின் உற்பத்தியோ 2017இல் நின்றுபோனது.

நான் பார்த்தவரை என் தீர்ப்பு இது. துல்லியம் மூவுக்கு. அதிசயம் கினெக்டுக்கு. ஆனால் உட்கார்ந்தோ நின்றோ, சின்ன அறையிலோ பெரிய ஹாலிலோ, யார் கையில் கொடுத்தாலும் உடனே ஆட முடிந்தது வீயில்தான். மூன்றில் மிகக் குறைவாகத் தெரிந்துகொள்வது அதுதான். அதனால் மிகக் குறைவாகவே நம்மிடம் கேட்கிறது. உலகம் முழுக்க வீ பெட்டி பத்துக் கோடிக்கு மேல் விற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நம்புகிறேன்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. மூவ் வாங்கினால் பாட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று கடையிலேயே பாருங்கள், நாள்பட்டுக் கிடந்தவற்றில் செத்திருக்கும். பழைய தடித்த எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தால், கினெக்டோடு தனி பவர் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் ஓடாது. எதை வாங்குவதற்கு முன்னும் டிவியிலிருந்து எதிர்ச்சுவர் வரை டேப் பிடித்து அளந்துவிட்டுப் போங்கள். இரண்டரை மீட்டருக்குக் குறைவென்றால் வீயே போதும்.