நில் என்றொரு சொல்

 

வளைகுடாவில் வாகனம் ஓட்டும் நம்மூர்ச் சகோதரர்கள் அன்றாடம் காணும் பலகை ஒன்று உண்டு. சிவப்பு எண்கோணம், அதில் ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்றும் அரபியில் ‘கிஃப்’ என்றும் எழுதியிருக்கும். விடுமுறையில் வந்திருந்த ஒருவர் அஸருக்குப் பின் என்னிடம், “ஹஜ்ரத், இந்தக் கிஃபுக்கும் நாம் சொல்லும் வக்ஃபுக்கும் தொடர்பு உண்டா?” என்று கேட்டார். உண்டு. வாவ், காஃப், ஃபா ஆகிய மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தவை இரண்டும். கட்டளையாகச் சொல்லும்போது வாவ் உதிர்ந்து ‘கிஃப்’ மட்டும் எஞ்சுகிறது. அபுதாபியில் வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்கும் ‘மவாகிஃப்’ என்ற ஏற்பாட்டின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே.

ஆங்கிலச் சொல்லும் பல முகம் கொண்டது. பேருந்து நிற்கும் இடமும் அதுவே, வாக்கியத்தை முடிக்கும் புள்ளியும் அதுவே, புட்டியின் வாயை அடைப்பதும் அதுவே. அதன் பழைய பொருள் நாரைத் திணித்துத் துளையை அடைப்பது என்பர். தோணியின் பலகை இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணிப்பதைக் கண்ட கடற்கரை மக்களுக்கு இது எளிதில் விளங்கும். தமிழோ இன்னும் விந்தையானது. ‘மழை நின்றது’ என்றால் இல்லாமல் போயிற்று. ‘அவர் சொல் நின்றது’ என்றால் அழியாமல் இருக்கிறது. ஒரே வினை, எதிரெதிரான இரு பொருள்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். எழுத்துகளின் உச்சரிப்பைவிடக் கடினமானது, எங்கே நிற்பது என்பதுதான். மூச்சு முட்டும் இடத்தில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். சூரத்துன் நிஸாவின் 43ஆவது வசனத்தைப் பாருங்கள். போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்கலாகாது என்பது அதன் கருத்து. பாதியில் நின்றால் தொழுகையே விலக்கப்பட்டதுபோல் ஆகிவிடும்! இத்தகைய தவறுகளைத் தடுக்கவே ஹிஜ்ரி 560இல் மறைந்த இமாம் ஸஜாவந்தி (ரஹ்) நிறுத்தக் குறியீடுகளை வகுத்தார்கள். நம் முஸ்ஹஃபுகளில் வசனங்களின் மேல் காணும் சிறு மீம், தோ, ஜீம் முதலியவை அவர்கள் தந்தவை. மீம் கண்டால் நிற்றல் கட்டாயம். ஜீம் கண்டால் நிற்கலாம், தொடரலாம்.

ஆலு இம்ரானின் 7ஆவது வசனத்தில் ஒரு நிறுத்தம் பெரும் ஆய்வுக்கே இடமளித்திருக்கிறது. அல்லாஹ் என்ற சொல்லில் நின்றால், முதஷாபிஹாத் வசனங்களின் உட்பொருளை அவன் மட்டுமே அறிவான் என்றாகும். நிற்காமல் தொடர்ந்தால், கல்வியில் உறுதிபெற்றோரும் அறிவார்கள் என்றாகும். முந்தியதே பெரும்பான்மையோர் கருத்து. தாபிஈன்களில் முஜாஹித் (ரஹ்) பிந்தியதைக் கொண்டார்கள். எழுத்து ஒன்றும் மாறவில்லை, மூச்சு மாறியது.

யாஸீனின் 52ஆவது வசனத்தில் ‘ஸக்தா’ வருகிறது. மூச்சுவிடாமல் சற்றே நிற்க வேண்டும். எழுப்பப்பட்டவர்கள் தங்கள் உறங்குமிடத்தைப் பற்றிக் கேட்பது அங்கே முடிகிறது, அவர்களுக்கான பதில் தொடங்குகிறது. அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் யார் பேசுவது என்றே தெரியாது. வீடுதோறும் ஓதப்படும் யாஸீனில் இதைக் கவனிப்போர் மிகச் சிலரே என்பது என் வருத்தம்.

ஹஜ்ஜின் உயிர்நாடியும் நிற்றலே. துல்ஹஜ் 9ஆம் நாள் நண்பகல் முதல் மறுநாள் ஃபஜ்ருக்குள் அரஃபாவில் ‘வுகூஃப்’ தவறினால் ஹஜ் தவறியது. காலூன்றி நிற்பது கட்டாயமில்லை. அமர்ந்தாலும் படுத்தாலும் அங்கே தங்கினால் போதும்.

இனி, அந்தச் சகோதரர் கேட்ட வக்ஃப். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திக்கொண்டு விளைச்சலைத் தர்மமாக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிக்கப்படாது, வாரிசுகளுக்குப் போகாது. உடைமை நின்றது, பயன் ஓடியது. கடைமடைக்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீரை நிறுத்திவைப்பதால்தான் நம் வாய்க்கால்களில் அது ஓடுகிறது.

எங்கள் மதரஸாவுக்கும் இரண்டு மா நஞ்சை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரின் சோற்றுக்காக யாரோ ஒரு நல்லடியார் விட்டுச் சென்றது. என் பாட்டனார் காலத்துக் குத்தகையே இன்றும் நீடிக்கிறது. அதுவும் சில ஆண்டுகளில் வருவதில்லை. இத்தகைய சொத்துகள் பலவற்றில் நடப்பது நேர்மாறானது: உடைமை கைமாறி ஓடுகிறது, பயன் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டத்திற்குப் பின், நெடுங்காலப் பயன்பாட்டை மட்டுமே காட்டி ஒரு சொத்தைப் புதிதாக வக்ஃபென்று பதிவுசெய்ய இடமில்லை. எழுத்து வேண்டும். அச்சட்டத்தைப் பற்றி எனக்கு மனக்குறைகள் உண்டு. ஆயினும் ஆவணங்களைக் கறையானுக்குக் கொடுத்தது எந்தச் சட்டமும் அன்று.

எங்கள் நஞ்சையின் பத்திரத்தை இரண்டு மாதங்களாகத் தேடுகிறோம். பழைய முத்தவல்லிகளின் குடும்பத்தார் இதை வாசிப்பீர்களானால், வீட்டுப் பரண்களில் உள்ள டிரங்குப் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்று போதும், அதற்கான செலவு என்னுடையது.