அஞ்சு நாள் பூவும் அப்பாவோட தறியும்

'அஞ்சு நாள்ல வாடிப் போற பூவைப் பார்க்க அவ்ளோ தூரம் போகணுமா?'

இது எங்க அப்பா 2023 மே மாசம் கேட்ட கேள்வி. பிள்ளையார்பாளையத்துல குழித்தறியில உட்கார்ந்து முப்பது வருஷமா பட்டு நெய்யறவர். அவர் நெய்யற மல்லிமொக்கு ஒரு தலைமுறைக்கு வாடாது. அப்படிப்பட்டவர் கேட்டா அதுல நியாயம் இருக்கத்தானே செய்யும்?

விஷயம் இதுதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. காலேஜுக்கு அப்ளிகேஷன் போடற நேரம். எனக்கு பி.எஸ்சி. தாவரவியல்தான் வேணும். அப்பாவுக்கு கம்ப்யூட்டர். 'செடி கொடியைப் பத்திப் படிக்க எதுக்கும்மா காலேஜு? நம்ம கொல்லைப்புறத்துலயே முருங்கை இருக்கு'ன்னு ஒரே கிண்டல். கிண்டலுக்குப் பின்னாடி பயம். பாவு போட்டு, ஊடை போட்டு, கூலி வாங்கி, அதுல மிச்சம் பிடிச்ச காசு அது. எனக்கு அது தெரியும். அதனாலயே சண்டை போடவும் முடியல, விட்டுக் கொடுக்கவும் முடியல. நாலு நாளா ரெண்டு பேருக்கும் சரியா பேச்சே இல்ல.

அந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர்ல அத்தை பொண்ணு கல்யாணம். முகூர்த்தப் புடவை அப்பா நெய்ததுதான். கல்யாணம் முடிஞ்சதும், 'இவ்ளோ தூரம் வந்துட்டோம், ஊட்டியில மலர்க் கண்காட்சி நடக்குது, வாப்பா'ன்னு கெஞ்சினேன். முதல் வரியில இருக்கற டயலாக் அப்பதான் வந்தது. அத்தை நடுவுல புகுந்து அவரை பஸ் ஏத்தி விட்டாங்க. அத்தைக்கு ஒரு ஓ!

அது 125-ஆவது கண்காட்சி. மே 19-லிருந்து 23 வரைக்கும், சரியா அஞ்சு நாள். 1896-ல ஆரம்பிச்ச வழக்கம். ஆனா தோட்டத்துக்கு அதைவிட வயசு அதிகம். 1840-கள்ல ஊட்டியில இருந்த வெள்ளைக்காரங்க, நல்ல காய்கறி கிடைக்கலைன்னு மாசம் மூணு ரூபா சந்தா போட்டு ஒரு தோட்டம் வெச்சாங்களாம். கோஸும் கேரட்டும் கணக்குக்குச் சரியா வரல. திட்டம் படுத்துடுச்சு. அப்புறம்தான் பொதுத் தோட்டம்ங்கற யோசனை. 1848-ல லண்டன் கியூ தோட்டத்துல வேலை பழகின வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்தார். காடும் சதுப்புமா கிடந்த மலைச்சரிவை ஒழுங்கு பண்ண அவருக்குப் பத்து வருஷம் பிடிச்சது. இன்னிக்கு அது 55 ஏக்கர் அரசு தாவரவியல் பூங்கா. யோசிச்சுப் பாருங்க... காய்கறிச் சந்தாவுல தொடங்கின கதை!

உள்ளே போனா கூட்டம்னா கூட்டம். எல்லாரும் கார்னேஷன் அலங்காரத்துக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நானும்தான். திரும்பிப் பார்த்தா அப்பாவைக் காணோம்!

தேடிப் போனா, தொட்டிகளை வரிசையா அடுக்கி வெச்சிருந்த மாடத்துக்கிட்ட நிக்கறார். அங்கே தோட்டத்துல வேலை பார்க்கற ஒரு அம்மா குந்தி உட்கார்ந்து, பழுத்த இலையைக் கிள்ளி எடுத்துட்டு, ஒவ்வொரு தொட்டியையும் பூ முகம் நம்ம பக்கம் வர்ற மாதிரி திருப்பி வெச்சுக்கிட்டிருந்தாங்க. அப்பா அவங்ககிட்ட கேட்டாரு: 'எவ்ளோ நாள் வேலைம்மா இது?'

'தை மாசம் நாத்து விட்டோம்ணே. அதுலேர்ந்து தண்ணி, எரு, தொட்டி மாத்தறதுன்னு தினம் வேலைதான். பனி விழுந்தா மூடணும். எல்லாம் ஒரே வாரத்துல பூக்கணும்ல?'

அப்பா ஒண்ணும் பேசல. அந்தத் தொட்டி வரிசையையே பார்த்துக்கிட்டு நின்னார். தறியில ஒரு இழை அறுந்தா எப்படிப் பார்ப்பாரோ, அந்தப் பார்வை.

பூங்காவோட மேல்பக்கம் தோடர் மந்து இருக்கு. இந்தத் தோட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இந்த மலையில இருந்தவங்க அவங்க. ஒரு பாட்டி, வெள்ளையில சிவப்பும் கறுப்புமா பூவேலை போட்ட புத்துக்குளி போர்த்தியிருந்தாங்க. நெசவாளி கண்ணாச்சே, சும்மா இருக்குமா? அப்பா கூச்சப்பட்டுக்கிட்டே ஓரத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். துணியோட தரம் பின்பக்கத்துல தெரியும்ங்கறது அவரோட சித்தாந்தம். பாட்டி சிரிச்சுக்கிட்டே திருப்பிக் காட்டினாங்க. பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே அழகு! கோடு போடாம, இழையை எண்ணி எண்ணி ஊசியால போடற வேலை. 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. நம்ம காஞ்சிப் பட்டுக்கு அது அதுக்கும் முன்னாடியே கிடைச்சாச்சு. 'நமக்கு ஜக்கார்டு அட்டை எண்ணுது, இவங்க கண்ணாலயே எண்ணறாங்க'ன்னு அப்பா அசந்து போயிட்டார்.

இறங்கும்போது பஸ்ல என் பக்கத்து சீட். மேட்டுப்பாளையம் வர்ற வரைக்கும் மௌனம். அப்புறம் மெதுவா சொன்னார்: 'நாலு மாசம் வேலை, அஞ்சு நாள் காட்சி. நானும் பதினஞ்சு இருபது நாள் நெய்யறேன். கட்டறவங்களுக்கு ஒரு முகூர்த்தம், அப்புறம் பீரோவுலதான் கிடக்குது. அந்தம்மா என்னை மாதிரிதான்.'

ரெண்டு வளைவு தாண்டினதும், 'அந்தச் செடிப் படிப்புக்கே போட்டுடு பாப்பா.'

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். நல்லவேளை, கண்டக்டர் டிக்கெட் கேட்டு வரல!

இப்ப நான் மூணாவது வருஷம். ஒரு அசைன்மென்டுக்காக மலர்க் கண்காட்சிகளைத் தேடிப் படிச்சப்போ ஜெர்மனி கிடைச்சது. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து ஊரெல்லாம் கல்லும் மண்ணுமா கிடந்த நாடு. 1951-ல ஹானோவர் நகரத்துல தேசியத் தோட்டக் கண்காட்சி ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற ஊர். 1955-ல காஸல் நகரத்துல என்ன பண்ணினாங்க தெரியுமா? இடிஞ்ச கட்டடங்களோட குப்பையைக் கொண்டு போய்க் கொட்டின சரிவு மேலயே ரோஜா நட்டாங்க! அந்த ரோஜாச் சரிவு இன்னிக்கும் இருக்கு. அதே கண்காட்சியை ஒட்டி அர்னோல்ட் போடேங்கற ஓவியர் தொடங்கின 'டாக்குமென்டா' ஓவியக் கண்காட்சி இன்னிக்கு உலகப் புகழ். 1980-ல உல்ம், நியூ-உல்ம்ங்கற இரட்டை ஊர்கள்லேர்ந்து மாநில அளவுலயும் தொடங்கிட்டாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள்: கண்காட்சி சில மாசம், பூங்கா ஊருக்கே சொந்தம்.

நம்ம சென்னையிலயும் இப்படி ஒரு கதை உண்டு. 1835-ல தொடங்கின வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தோட கையில இருந்த இடத்துலதான் பல வருஷம் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்தது. 2010-ல அது செம்மொழிப் பூங்கா ஆச்சு. 2022-ல கலைவாணர் அரங்கத்துல நடந்த மலர்க் கண்காட்சி, அப்புறம் அந்தப் பூங்காவுக்கே வந்துடுச்சு.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கிட்டிருந்தவர், குப்பை மேட்டுல ரோஜாங்கற இடம் வந்ததும் நிறுத்திட்டார். 'நம்ம வேகவதிக் கரையில கூட இப்படிச் செய்யலாமே?'

ஆயிரம் கோயில் ஊருன்னு பேரு. ஊருக்குள்ள ஓடற வேகவதியோட நிலைமை காஞ்சிபுரத்துக்காரங்க எல்லாருக்கும் தெரியும். நான் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் காலேஜுக்குப் போறேன். மூணு வருஷமா மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டினேனே தவிர, அங்கே என்ன வளரும்னு ஒரு தடவை கூட யோசிக்கல. தாவரவியல் படிக்கறது நான், கேள்வி கேட்டது அப்பா!

அதனால என் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் முடிவாயிடுச்சு. வேகவதிக் கரையில இப்ப என்னென்ன செடி தானா முளைச்சு நிக்குது, என்ன நட்டா தாங்கும்னு ஒரு கணக்கெடுப்பு. 'பாம்பு இருக்கும்டீ'ன்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்தறாங்க. இருக்கட்டும். மெக்ஐவருக்கே பத்து வருஷம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை தறிக்கு லீவு. முதல் நாள் கணக்கெடுப்புக்கு நோட்டு பிடிக்க ஆள் வேணும்னேன். செருப்பை மாட்டிக்கிட்டு எனக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறார் அப்பா.