கூட்டத்தில் ஒருவன்

என் முதல் நாவலைப் படித்தவர்கள் மொத்தம் நூறு பேர் இருக்கலாம். (பதிப்பாளர் அதைவிடக் குறைவு என்கிறார்.) அதில் ஒருவரைப் போன வாரம் மாட்டுங்காவில் பார்த்தேன். "உங்க கதையில கல்யாண வீடு வந்தா செருப்பைத் தேடறவன், பந்தியில இடம் பிடிக்கறவன்னு எல்லாரைப் பத்தியும் அரைப் பக்கம் எழுதறீங்களே, ஏன் சார்?" என்று கேட்டார். குறையாகத்தான் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். காரணம் இருக்கிறது. நானே நாலு மாசம் கூட்டமாக இருந்தவன்.

கொசுவர்த்திச் சுருளைச் சுற்றிக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. 2009 ஜனவரியில் அந்தேரியில் என் வேலை கவிழ்ந்தது. ஊரில், மாயவரத்தில், தங்கைக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லை. "பையன் பம்பாயில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்" என்பதுதான் அம்மா சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்திருந்த ஒரே பெருமை. அதை எப்படிப் பிடுங்குவது? சொல்லவில்லை.

மாலாடில் என்னோடு அறையில் இருந்த நாசிக் பையன் ஹீரோவாகும் கனவில் வந்தவன். "சும்மா நிக்கிறதுக்குக் காசு தர்றாங்க, வர்றியா?" என்றான். போனேன். கோஆர்டினேட்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "டீசண்ட்" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு தேங்க்ஸ் எல்லாம் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அது ரகத்தின் பெயராம். கண்ணாடியும் கொஞ்சம் படித்த களையும் இருந்தால் டீசண்ட். டாக்டர், வக்கீல், பார்ட்டியில் கிளாஸோடு நிற்பவர் எல்லாம் அந்த ரகம். மற்றவர்களுக்குக் கடைத்தெரு, கோயில் கூட்டம். சம்பளமும் அதற்கேற்பத்தான். எனக்கு 12 மணி நேர ஷிஃப்டுக்கு 500 ரூபாய். அதில் 100 அவருக்கு. மீதி கைக்கு வர இரண்டு மாசம் ஆனது.

கோரேகான் ஃபிலிம் சிட்டி போனவர்களுக்குத் தெரியும், பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. செட்டுக்குள்ளேயே சிறுத்தை வரும் என்று பயமுறுத்தினார்கள். எனக்குக் குரங்குதான் வாய்த்தது. ஒரு சமோசா போயிற்று.

அந்த வேலையில் துணி நம்முடையது. மூன்று செட் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் கூடாது, டிவியில் நெளியும். பளீர் வெள்ளையும் ஆகாது. அப்புறம் சத்தம். நாயகி பேசும்போது பின்னால் நிற்கும் நாம் பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைக்கவேண்டும். நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவேன். ஒரு தடவை எதிரில் நின்ற பெண் சிரித்த முகத்தோடு விரலை மடக்கி மடக்கி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டை உற்றுப் பார்த்தேன். வாடகை, பால், ஸ்கூல் ஃபீஸ்.

ஒரு சீரியல் கல்யாணத்தில் ஒன்பது நாள் விருந்தாளியாக இருந்தேன். (தங்கை கல்யாணத்துக்கே நாலு நாள்தான் லீவு கிடைத்தது.) காலையில் பெண் வீட்டுக்காரன், மத்தியானம் தலைப்பாகை கட்டி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரன். முதலில் முழுக் கூட்டத்தையும் வைத்து ஒரு ஷாட். பிறகு ஒவ்வொரு முகமாக க்ளோசப். அதுவரை கிளாஸ் எந்தக் கையில் இருந்ததோ அதே கையில் இருக்கவேண்டும். உள்ளே தண்ணீர் கலந்த கோலா, காலையில் ஊற்றியது. முக்கியமாக, கேமராவைப் பார்க்கக்கூடாது.

அம்மா சரியாக ஷாட் நடுவில்தான் கூப்பிடுவாள். வெளியே ஓடிவந்து, "மீட்டிங்ல இருக்கேன்மா" என்பேன். "இந்த நேரத்திலயா? சாப்டியாடா?" என்பாள். சாப்பாட்டில் மூன்று வரிசை. நடிகர்கள், டெக்னீஷியன்கள், கடைசியில் நாங்கள். எங்கள் முறை வரும்போது தாலில் பருப்பைத் தேடவேண்டும். "ஆச்சும்மா" என்பேன்.

எழவு சீன்களில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவர் சாங்லியிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள். எல்லோருக்கும் அவர் மாவ்ஷி. கிளிசரின் நடிகர்களுக்கு மட்டும்தான். நமக்குக் கண்ணீர் வேண்டாம், தலையைக் குனிந்து தோளை மட்டும் குலுக்கு, கேமராவுக்கு அது போதும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். 2008 நவம்பரில் சினிமா, டிவி தொழிலாளர் சங்கங்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது இந்தி சேனல்கள் சில நாள் பழைய எபிசோடுகளையே போட்டு ஓட்டின, ஞாபகம் இருக்கலாம். அப்போது வீட்டில் சும்மா இருந்த மாவ்ஷி, டிவியில் தன் பழைய அழுகைகளையே திரும்பப் பார்த்தாராம். "ரெண்டாவது தடவை போட்டதுக்கு எனக்கு யாரும் காசு தரலியே" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு முறை வசனம் கிடைத்தது, நாலு வார்த்தை. வசனம் பேசினால் அன்றைக்குக் கூடுதல் காசு. காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நேரமாகிவிட்டது என்று அந்த ஷாட்டையே விட்டுவிட்டார்கள். மறுநாள் வழக்கம்போல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாவலின் ஏழாவது அத்தியாயத்தில் வரும் பாட்டி அவர்தான். அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்த பிறகு 'கரைந்த நிழல்கள்' எழுதினார். நான் நாலு மாசத்தில் ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே மாதம் பவாயில் வேலை கிடைத்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கல்யாண டிவிடியில் தட்டோடும் கூஜாவோடும் நான் குறுக்கே போய்க்கொண்டே இருக்கிறேன். "ஒரு இடத்துலயாவது கேமராவைப் பார்த்திருக்கியா அண்ணா?" என்று தங்கை இன்றைக்கும் திட்டுவாள்.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதற்குள் இந்தி சீரியல்கள் தமிழ் பேச ஆரம்பித்திருந்தன. 'பாலிகா வது' 'மண் வாசனை' ஆனது போல இன்னும் பல. 2012-ல் ஒரு நாள் ராத்திரி அம்மா போன் செய்தாள்.

"ஏண்டா, டிவியில ஒரு எழவு வீட்டுல உக்காந்திருந்தியே, யாருடா அவங்க?"

"நானா? என்னை மாதிரி யாராவது இருப்பான்மா."

"அந்தச் சந்தனக் கலர் சட்டை நான் தீபாவளிக்குத் துணி எடுத்துத் தச்சுக் குடுத்ததுடா."

வெள்ளை ஆகாது என்று அன்றைக்குத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது அதைத்தான். இனி என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரி, வேலை, மீட்டிங், 500 ரூபாய். அம்மா நடுவில் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தரம் "ஹலோ" சொன்னேன்.

"அப்பவும் மாசாமாசம் அஞ்சாயிரம் அனுப்பினியேடா."

"சேமிப்பு இருந்துச்சும்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "அங்க சோறாவது ஒழுங்காப் போட்டாங்களா?" என்றாள்.

"போட்டாங்கம்மா" என்றேன்.