நாலு நாள் கன்று (நியூசிலாந்துக் கால்நடைப் பயணம் – 4)

சென்ற இதழில் பாமர்ஸ்டன் நார்த் வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். மாஸி பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். இந்த நாட்டில் கால்நடை மருத்துவராக வேண்டுமென்றால் படிக்க இருக்கும் ஒரே இடம். வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி என்று மூன்று கல்லூரிகளிலிருந்து வந்த எங்கள் கூட்டத்துக்கு ரப்பர் பூட்ஸை மாட்டி நேரே பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் மாதம். குளிர், மழை, கணுக்கால் புதையும் சேறு. அதோடு கன்று ஈனும் பருவம்.

இங்கே ஏறக்குறைய எல்லா மாடுகளும் ஒரே சமயத்தில் ஈனுகின்றன. எல்லாம் புல்லின் கணக்கு. வசந்தத்தில் ரைகிராஸும் வெள்ளைக் குளோவரும் மளமளவென்று வளரும்போது மடியும் நிறைந்திருக்க வேண்டும். குளிரில் புல் ஓய்ந்தால் மந்தை முழுவதையும் பால் வற்ற விட்டுவிடுகிறார்கள். கட்டுத்தறி கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது, தவிடு கரைக்கும் தொட்டி கிடையாது. மின்வேலிக் கம்பியை நகர்த்தி நகர்த்தி அன்றன்றைக்கு உரிய புல்லை அளந்து விடுகிறார்கள். நாட்டின் சராசரி மந்தையில் 440 மாடுகளுக்கு மேல். நாங்கள் போன பண்ணை அதைவிடச் சற்றுப் பெரியது. அதைக் கறக்க இரண்டே பேர்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கறவைக்கூடம். குடைராட்டினம் போல மெதுவாகச் சுற்றும் வட்ட மேடை. மாடுகள் தாமாக வரிசையில் வந்து ஏறி, ஒரு சுற்று முடியும்போது தாமாகப் பின்வாங்கி இறங்கிப் போகின்றன. 1969இல் டாரனாகி பகுதியில் மெர்வ் ஹிக்ஸ் என்ற விவசாயி உருவாக்கிய அமைப்பு இது. உள்ளே நிற்பவர் இடத்தைவிட்டு அசையாமல் காம்பில் கப் மாட்டிக்கொண்டே இருக்கலாம். என் கைக்கு வேகம் வர நேரமானது. பக்கத்தில் நின்ற பெண்மணி நான் ஒரு மாட்டை முடிப்பதற்குள் மூன்றை முடித்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. எந்த மாட்டின் பக்கத்திலும் கன்று இல்லை. இயந்திரத்தின் சத்தம் கேட்டதுமே மடி இறங்கிவிடுகிறது. பால் இறங்குவது ஆக்ஸிடோசின் வேலை என்று நாங்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதியவர்கள்தான். ஆனால் நம் நாட்டு மாடு கன்று வந்து முட்டினால்தான் அந்த ஆக்ஸிடோசினைச் சுரக்கும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்தி நக்கவிட்டுக் கறப்பதைச் சென்னைத் தெருக்களிலேயே பார்த்திருக்கிறேன். இங்குள்ள ஃப்ரீசியன், ஜெர்சி, இரண்டும் கலந்த கிவிகிராஸ் எதற்கும் அந்தத் தேவை இல்லை. பால் தருவதற்குக் கன்று ஈன வேண்டும், அவ்வளவுதான். ஈன்ற பிறகு கன்று அருகில் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அப்படியென்றால் கன்று எங்கே? கறவை முடிந்ததும் கன்றுக்கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மேய்ச்சல் நிலத்திலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் வேலை சீம்பால். சும்மா கொடுப்பதில்லை; ஒரு சொட்டு எடுத்துப் பிரிக்ஸ் மானியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக் கோடு 22ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். தாண்டினால் புதிதாகப் பிறந்ததற்கு. இல்லையென்றால் மூத்த கன்றுகளுக்கு. குடிக்காத கன்றுக்குக் குழாய் வைத்துப் புகட்டும் வேலையை எங்களிடம் விட்டார்கள். தரையெங்கும் மரத்துகள், ஈரமில்லை, வாடை இல்லை. கிடேரிகள் ஒரு பக்கம், வளர்ப்பதற்கு.

மறுபக்கத் தடுப்பில் இருந்தவற்றுக்கு இங்கே ‘பாபி’ கன்று என்று பெயர். காளைக்கன்றுகளும், மந்தைக்குத் தேவைக்கு மேல் பிறந்த கிடேரிகளும். நாலு நாள் முடிந்ததும் லாரி வரும். இறைச்சி, தோல், பாலாடைக்கட்டிக்கு வேண்டிய ரென்னட். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு நெருக்கமான கன்றுகள் இப்படிப் போகின்றன. திருநெல்வேலிக்காரி என் காதில் சொன்னாள்: “அக்கா, இத்தனை பச்சைப் புல்லைக் காட்டி ஏமாத்திட்டாங்க.”

ஏமாற்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மறைக்காமல் காட்டினார்கள், கூடவே சட்டத்தையும் காட்டினார்கள். 2015 கடைசியில் இந்தக் கன்றுகளைத் தூக்கி எறிவதையும் உதைப்பதையும் ரகசியமாகப் படமெடுத்தது தொலைக்காட்சியில் வந்து நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே விதிகள் வந்தன. நாலு முழு நாள் ஆகாத கன்றை ஏற்றக்கூடாது. பயணம் 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. கடைசியாகப் பால் குடித்த 24 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அடித்துக் கொல்லக்கூடாது. பிறகு, கன்று தானே நடந்து ஏறும்படி சாய்தளமும், காத்திருக்கும் நேரத்தில் மழைக்கு ஒதுங்க இடமும் கட்டாயமாயின.

லாரி வருமுன் கன்றுகளைச் சோதிக்கும் பொறுப்பு எங்களுக்கு. குளம்பின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிறந்தவுடன் ரப்பராக அமுங்குவது, நடந்து நடந்து இறுகியிருக்க வேண்டும். தொப்புள்கொடி ஈரமில்லாமல் சுருங்கிக் காய்ந்திருக்க வேண்டும். காது நிமிர்ந்து, கண் தெளிந்து, வயிறு நிறைந்து, தள்ளாடாமல் நிற்க வேண்டும். நாங்கள் சரி என்று விட்ட கன்றுகளில் ஒன்றை லாரி ஓட்டுநர் குனிந்து பார்த்தார், கொடியைத் தொட்டார், “இது வேண்டாம்” என்று தடுப்புக்குள் திருப்பிவிட்டார். பண்ணைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. தகுதியில்லாத கன்றை ஏற்றினால் ஓட்டுநரும் பதில் சொல்ல வேண்டும்.

மாலை மாஸியில் விவாதம். விலங்கு நலம் என்றால் நாங்கள் ஒப்பிப்பது ஐந்து சுதந்திரங்கள். பசியின்மை, நோயின்மை என்று தொடங்கும், பிரிட்டனில் 1979இல் பிறந்த பட்டியல். இங்கே பேசுவது ‘ஐந்து களங்கள்’. இதே பல்கலைக்கழகத்தின் டேவிட் மெல்லரும் ரீடும் 1994இல் முன்வைத்தது. தீவனம், சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் சேர்ந்து ஐந்தாவதான மனநிலையில் போய் முடிகின்றன. துன்பம் இல்லாதிருந்தால் போதாது, நல்ல அனுபவம் கிடைக்கிறதா என்றும் கேட்கும் முறை. விலங்குகள் உணர்வுள்ளவை என்று இந்த நாட்டுச் சட்டமே 2015 திருத்தத்தில் சொல்லிவிட்டது. பேராசிரியர் படிவத்தை நீட்டி, நாலு நாள் கன்றுக்கு நிரப்பச் சொன்னார். முதல் மூன்று களங்களில் நல்ல மதிப்பெண் போட்டோம். நாலாவதில் பேனா நின்றது. கன்றைப் பிரித்த இரவில் தாய் வேலியோரம் நின்று கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஏற்றும் விதம், கொல்லும் விதம் பற்றியெல்லாம் அத்தனை நுணுக்கமாகப் பேசும் விதிகள் அந்தப் பிரிவைத் தொடவில்லை.

எங்களோடு வந்த மேடம் அப்போது பேச்சைத் திருப்பினார். “நம்ம ஊர் கலப்பின ஜெர்சி காளைக்கன்னுக்கு இதே படிவத்தைப் போடுங்களேன்.” யாரும் போடவில்லை. ஏருக்கு டிராக்டர் வந்துவிட்டது. திமில் இல்லாத கலப்பினக் காளையை நுகத்தில் பூட்டவும் யாருக்கும் மனமில்லை. வெட்ட அனுப்புவது பாவம். ஆகவே மடி இறங்கும் அளவுக்கு மட்டும் கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுகிறோம். சில வாரங்களில் எலும்பும் தோலுமாகி ஒரு நாள் விழும். கேட்டால் “கழிச்சல் வந்து போயிடுச்சு” என்பார்கள். அந்தச் சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நாலு நாள் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகும் கன்றா, நாற்பது நாள் அரைப்பட்டினி கிடந்து சாகும் கன்றா? என்னைக் கேட்டால் முன்னதே குறைந்த கொடுமை. நாமக்கல்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. கூண்டுக்கோழி ஊரிலிருந்து வந்தவன். சின்னக் கூண்டு முறை இங்கே 2023 தொடக்கத்தோடு முடிந்துபோனதை நான்கு நாளாகப் பொறாமையோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் கேட்டது: “பிறக்கவே விடாம இருந்தா என்ன?”

அதற்குப் பண்ணைக்காரரிடம் பதில் இருந்தது. நல்ல மாடுகளுக்கு மட்டும் கிடேரி பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசி. மற்றவற்றுக்கு ஹெர்ஃபோர்டு போன்ற இறைச்சி இனம். முகம் வெள்ளையாகப் பிறக்கும் அந்தக் கன்றை வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். மிஞ்சும் கன்றை 2023 ஜூன் முதல் பண்ணையிலேயே கொன்று புதைக்கவும் முடியாது. ஏதாவதொரு பயன்பாட்டுக்குப் போயாக வேண்டும் என்று பாலை வாங்கும் ஃபொன்டெரா கூட்டுறவு நிபந்தனை போட்டுவிட்டது. பாலினம் பிரித்த ஊசி நம்மிடமும் வந்துவிட்டது. விலையைக் குறைத்து, உள்ளூர் மருந்தகத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கச் செய்தால் நம் கொட்டில்களில் காளைக்கன்றுகளின் எண்ணிக்கையே குறையும். ஊர் திரும்பியதும் நான் முதலில் விசாரிக்கப்போவது அதைத்தான்.

அடுத்து குக் நீரிணையைக் கப்பலில் கடந்து தென்தீவின் கேன்டர்பரி. 2017இல் மைக்கோபிளாஸ்மா போவிஸ் நோய் தலைகாட்டி, ஆயிரக்கணக்கான மாடுகளைக் கழிக்க வைத்த பகுதி. பூட்ஸில் ஒரு பொட்டுச் சாணி ஒட்டியிருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

(தொடரும்)