கட்டுமாவடியில் மரமும் ஒரு வெள்ளாமை

புதுக்கோட்டை வரும்போதே ஒரு வாசனை என்னை எழுப்பியது. தைலமரம்! ஊட்டிக் குளிரில் மட்டுமே அந்த வாசனை உண்டு என்று நினைத்திருந்த எனக்கு, செம்மண்ணும் அனலும் கலந்த காற்றில் அது வந்தது ஆச்சரியமாக இருந்தது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் காடுகள் இந்த மாவட்டத்தில் பரந்து கிடக்கின்றன. வெட்டுவதற்கென்றே வளர்க்கப்படும் காடுகள்.

அறந்தாங்கியைத் தாண்டியதும் ஜன்னல் வழியே ஒரு மேடாவது தெரிகிறதா என்று தேடினேன். எங்கள் கோத்தகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து பார்வையை நிறுத்தும். இங்கே கண் போய்க்கொண்டே இருக்கிறது. நாகுடிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்கள். காவிரி இவ்வளவு தூரமா வருகிறது! பிறகு பனை, தென்னை, முகத்தில் ஒட்டும் உப்புக்காற்று. கட்டுமாவடி.

மறுநாள் விடியலில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பெட்டி பெட்டியாக நண்டும் இறாலும் மீனும் வந்திறங்க, ஏலக்காரர் விலை சொல்லும் வேகத்தில் எனக்கு ஒரு எண்கூடப் பிடிபடவில்லை. அந்த நேரத்திலேயே சட்டை நனைந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்போது போர்வையை இழுத்து மூடுவோம். கடலைப் பார்த்தால் அலையே இல்லை, பெரிய குளம் மாதிரி கிடக்கிறது. பாக் விரிகுடாவின் இந்த அமைதிக்கு அடியில் கடல்புல் வளர்கிறது. அதை மேயும் கடல்பசுவுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-ல் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதல்.

வெயில் ஏறுவதற்குள் நண்பர் ஒருவரின் பெரியப்பா தன் சவுக்குத் தோப்புக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியானது. காற்று ஊசியிலைகளில் புகுந்து எழுப்பும் இரைச்சல் இருக்கிறதே, கரையில் கேட்காத கடல் இங்கேதான் கேட்டது! பாதி தோப்பில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் மரத்தைச் சாய்க்க, பெண்கள் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மரத்தின் துவர்ப்பு வாசனை தொண்டை வரை இறங்கியது.

எனக்கோ பதைப்பு. நீலகிரியில் சொந்தத் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அது. சரிவு நிலத்துக்கு அது தேவையும்கூட. "யார்கிட்டயும் கேக்க வேண்டாமா பெரியப்பா?" என்றேன்.

"நெல்லு அறுக்க யாருகிட்ட தம்பி கேக்கறது?"

சவுக்கும் அப்படித்தான், நான்கைந்து வருடத்தில் வெட்டு. கனமானது காகித ஆலைக்கு, நேரானது சாரத்துக்கும் பந்தலுக்கும், வேர்கூட விறகாகிறது. ஒரு வேரைப் பிடுங்கி அதிலிருந்த முடிச்சுகளைக் காட்டினார். அதற்குள் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. இந்த வெறும் மணலில் சவுக்கு செழிப்பதன் காரணம் அதுதான்.

தோப்புக்கு அடுத்த நிலத்தில் முன்பு தென்னை இருந்ததாம். 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த கஜா புயல் சாய்த்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் நிலத்தைப் பார்க்கவில்லை. இப்போது அதன் வரப்பெல்லாம் தேக்கு, மகோகனி, வேங்கை. தமிழக அரசு 2021-22-ல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வந்த கன்றுகள். கன்று இலவசம். அதைவிட என்னை வியக்க வைத்தது அடுத்த விஷயம்: இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் வருடம் ஏழு ரூபாய் ஊக்கத்தொகை. நட்டதற்கு அல்ல, பிழைத்ததற்கு! நட்டுப் படம் எடுத்ததோடு மறக்கப்பட்ட கன்றுகளை எத்தனையோ விழாக்களில் பார்த்திருக்கிறேன். பிழைத்த மரத்தை எண்ணிக் காசு கொடுக்கும் இந்த யோசனைக்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன்.

ஆனால் ஏழு ரூபாய்க்கு இன்று ஒரு டீகூட வராது. மாடு கடிக்காமல் வேலி, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர், எல்லாம் பெரியப்பாவின் கைக்காசு. மூன்று ஆண்டு உதவி நிற்கும்போது தேக்கு இன்னும் பிள்ளைப் பருவத்தில்தான் இருக்கிறது. அது பணமாக அவர் இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும். சவுக்கு நாலு வருடத்தில் சோறு போடுவதால்தான் அவரால் தேக்குக்குக் காத்திருக்க முடிகிறது. சவுக்குத் தோப்பு இல்லாத சிறு விவசாயி என்ன செய்வார்?

அந்தத் தொகையை உயர்த்த வேண்டும், பத்து ஆண்டுக்காவது நீட்ட வேண்டும். வரப்பு வைத்திருப்பவர்களே, அடுத்த மழைக்கு முன் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்க் கன்று கேளுங்கள்; ஊக்கத்தொகையையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.